விசாரணை நீதிபதி வழக்கை ஆரம்பத்திலேயே முடிக்க முடியுமா? விடுவிப்பு மனுப் போடுவோருக்கும் எதிர்ப்போருக்கும் ஒரு வழிகாட்டி

குற்றப்பத்திரிகை நகல் கைக்கு வந்ததும் பெரும்பாலானோர் வக்கீலிடம் கேட்பது இதுதான்: "பொய் கேஸ்னு படிச்சாலே தெரியுதே, ஜட்ஜே தள்ளிடமாட்டாரா?" புகார் கொடுத்தவர் வீட்டில் இதே கேள்வி பயமாக வரும்: "சாட்சி சொல்றதுக்கு முன்னாடியே கேஸைத் தள்ளிட்டா என்ன பண்றது?" விசாரணை நீதிபதிக்கு வழக்கைத் தொடக்கத்திலேயே முடிக்கும் அதிகாரம் உண்டு. அப்படி முடிக்கச் சொல்லிக் கேட்பதுதான் விடுவிப்பு மனு. ஆனால் சட்டம் சொன்ன கட்டத்தில், சொன்ன காரணத்துக்காக மட்டும்தான் அதைப் பயன்படுத்தலாம். அந்த எல்லைக்கு வெளியே, வழக்கு அநியாயமானது என்று அவருக்கே தோன்றினாலும் சாட்சிகளை விசாரித்துத்தான் ஆக வேண்டும்.

இது தெரியாமல் தவறான இடத்தில் தவறான மனுவைப் போட்டு, வாய்தா மேல் வாய்தா கடந்து, "இதை உயர் நீதிமன்றத்தில் கேளுங்கள்" என்ற ஒரு வரியோடு திரும்பி வருகிறவர்கள் ஏராளம். அந்த மாதங்களுக்கு யாரும் ஈடு தருவதில்லை. முதன்முறையாக நீதிமன்றப் படி ஏறுகிறவர்களையும், குற்றவியல் பக்கம் புதிதாக வந்த இளம் வழக்கறிஞர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அடைப்பில் வரும் ஆண்டு, தீர்ப்புத் தொகுப்பின் ஆண்டு.

முதல் படி: எந்தச் சட்டம், எந்த வகை வழக்கு

2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடப்பில் உள்ளது. சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ். என்கிறோம். அந்தத் தேதிக்கு முன்பே நிலுவையில் இருந்த விசாரணைகளுக்கு 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமே தொடரும் என்று புதிய சட்டத்தின் 531-ஆவது பிரிவு சொல்கிறது. உங்கள் வழக்கு எதன் கீழ் நடக்கிறது என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். பிரிவு எண் மாறிவிட்டால் மனு திரும்பி வரும், காலக்கெடுவும் வேறாகிவிடும்.

அடுத்து வழக்கின் வகை. இரண்டு ஆண்டுக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கத்தக்க குற்றம் என்றால் வாரண்ட் வழக்கு. இரண்டு ஆண்டோ அதற்குக் கீழோ என்றால் சம்மன் வழக்கு. கொலை, கொலை முயற்சி போன்றவற்றை அமர்வு நீதிமன்றம் மட்டுமே விசாரிக்க முடியும். இந்த வகையைப் பொறுத்துத்தான் நீதிபதியின் அதிகாரம் மாறுகிறது.

அமர்வு நீதிமன்ற வழக்கில் பிரிவு 250 (பழைய 227). வழக்கை மேலே நடத்தப் போதிய முகாந்திரம் இல்லை என்று கண்டால் நீதிபதி விடுவிக்கலாம்.

போலீஸ் குற்றப்பத்திரிகையின் பேரில் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நடக்கும் வாரண்ட் வழக்கில் பிரிவு 262 (பழைய 239). குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்று கண்டால் விடுவிக்கலாம். சொற்கள் வேறானாலும் நடைமுறையில் இரண்டிலும் நீதிமன்றம் ஏறக்குறைய ஒரே அளவுகோலைத்தான் வைக்கிறது.

தனிநபர் புகாரில் எழுந்த வாரண்ட் வழக்கில் பிரிவு 268 (பழைய 245). இங்கே புகார்தாரர் முதலில் தன் சாட்சியங்களை அளிப்பார். அவை யாராலும் மறுக்கப்படாமல் அப்படியே நின்றாலும் தண்டனைக்குப் போதாது என்றால் விடுவிப்பு. அடிப்படையே இல்லாத வழக்கு என்றால் அதற்கு முன்பும் விடுவிக்கலாம்.

சம்மன் வழக்கு தனிக் கதை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது தெரியாவிட்டால், குற்றப்பத்திரிகை எண்ணோடு நின்றுவிடாமல் ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா என்றைக்கு, எதற்காக என்று வரும்.

இரண்டாம் படி: நாளை எண்ணுங்கள்

பழைய சட்டத்தில் விடுவிப்பு மனுவுக்கு நாள் கணக்கு எதுவும் இல்லை. குற்றச்சாட்டு வனையும் முன், அதாவது எந்தக் குற்றத்துக்கு விசாரணை என்று நீதிபதி முறைப்படி எழுதும் முன் போட்டால் போதும். புதிய சட்டம் 60 நாள் வைத்திருக்கிறது. அமர்வு வழக்கில், நடுவர் வழக்கை அமர்வு நீதிமன்றத்துக்கு ஒப்படைத்த நாளிலிருந்து 60 நாள். நடுவர் முன் நடக்கும் போலீஸ் வழக்கில், 230-ஆவது பிரிவின்படி ஆவண நகல்கள் வழங்கப்பட்ட நாளிலிருந்து 60 நாள். நகல் வாங்கிக் கையெழுத்துப் போடும்போது தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கங்கள் குறைந்தால் அன்றே எழுத்தில் சொல்லுங்கள். "முழு நகல் கிடைத்தது" என்று கையெழுத்திட்டுவிட்டுப் பிறகு காணவில்லை என்றால் யாரும் கேட்கமாட்டார்கள்.

இந்த நாள் கணக்கைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. குற்றச்சாட்டு வனையப்பட்டுவிட்டால் விடுவிக்கும் அதிகாரம் அங்கேயே முடிந்துபோகிறது. ரதிலால் பாஞ்ஜி மித்தானி வழக்கில் (1979) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: வனைந்த குற்றச்சாட்டை ரத்து செய்து, வழக்கைப் பின்னோக்கி ஓட்டி, எதிரியை (குற்றம் சாட்டப்பட்டவரை) விடுவிக்க நடுவருக்கு அதிகாரம் இல்லை. அதன் பிறகு விசாரணை முடிந்து விடுதலையா தண்டனையா என்ற தீர்ப்புத்தான் வரும்.

இதைச் சுற்றிப் போக ஒரு குறுக்கு வழியைச் சிலர் முயல்வதுண்டு. குற்றச்சாட்டை மாற்றவோ கூட்டவோ நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் பிரிவு ஒன்று உள்ளது (பி.என்.எஸ்.எஸ். 239, பழைய 216). அதைக் காட்டி, "என் மேல் உள்ள குற்றச்சாட்டை நீக்குங்கள்" என்று மனுப் போடுவார்கள். தமிழ்நாட்டிலிருந்து சென்ற கே. ரவி வழக்கில் (2024) உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. விடுவிப்பு மனு தள்ளுபடியான பிறகு அந்தப் பிரிவின் பெயரில் மறுபடியும் விடுவிப்புக் கேட்க எதிரிக்கு உரிமையில்லை என்றது. இப்படியொரு மனுவை யாராவது யோசனையாகச் சொன்னால், பணம் கட்டும் முன் அந்தத் தீர்ப்பைப் பற்றிக் கேளுங்கள்.

மூன்றாம் படி: நீதிபதி எதைப் பார்ப்பார், எதைப் பார்க்கமாட்டார்

புதியவர்கள் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

விடுவிப்பு மனு விசாரணைக்கு வரும்போது நீதிபதி முன் இருப்பது அரசுத் தரப்பு தாக்கல் செய்த காகிதங்கள்: முதல் தகவல் அறிக்கை, சாட்சிகள் போலீசாரிடம் சொன்ன வாக்குமூலம் (180-ஆவது பிரிவு, பழைய 161), நடுவர் முன் சொன்னது (183, பழைய 164), மருத்துவச் சான்று, பறிமுதல் மகஜர், ஆய்வக அறிக்கை போன்றவை. இவற்றில் உள்ளவை எல்லாம் உண்மை என்றே வைத்துக்கொண்டு, "அப்படியானால் இந்த நபர் இந்தக் குற்றத்தைச் செய்திருக்கலாம் என்று பலத்த சந்தேகம் எழுகிறதா" என்று மட்டும் பார்ப்பார். செய்தாரா என்று பார்ப்பது அப்போது அவர் வேலையல்ல.

இதற்கு அடித்தளமான தீர்ப்பு பிரஃபுல்ல குமார் சமால் வழக்கு (1979). நீதிபதி அரசுத் தரப்பின் ஊதுகுழலாகவோ, வந்ததை அப்படியே அனுப்பும் அஞ்சல் நிலையமாகவோ இருக்கக் கூடாது. முகாந்திரம் உண்டா என்று அறியும் அளவுக்கு ஆவணங்களைச் சலித்துப் பார்க்கலாம். இரண்டு விதமாகப் பொருள்கொள்ள இடமிருந்து, எழுவது வெறும் சந்தேகம்தான், பலத்த சந்தேகம் இல்லை என்றால் விடுவிக்கலாம். அதே தீர்ப்பு மறுபக்கமும் சொல்கிறது: விசாரணை முடிந்துவிட்டதைப் போலச் சாட்சியங்களை எடைபோட்டு, துருவித் துருவி ஆராயக் கூடாது. அதற்கு முன்பே ரமேஷ் சிங் வழக்கில் (1977), பலமான சந்தேகம் இருந்தாலே குற்றச்சாட்டு வனைய அது போதும் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது.

ஓர் உதாரணம். வீடு புகுந்து திருடிய வழக்கில் மூன்றாவது எதிரியாக ஒருவரைச் சேர்த்திருக்கிறார்கள். அவர் பெயர் வருவது ஒரே இடத்தில்தான், முதல் எதிரி போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தில். அவரிடமிருந்து எந்தப் பொருளும் கைப்பற்றப்படவில்லை, எந்தச் சாட்சியும் அவரைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. போலீசாரிடம் செய்த ஒப்புதல் சாட்சியமாக ஏற்கப்படாது என்பது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 23-ஆவது பிரிவு. அதைக் கழித்துவிட்டால் அவருக்கு எதிராகக் கோப்பில் எதுவுமே மிச்சமில்லை. இது விடுவிப்புக்கு உரிய வழக்கு.

இன்னொன்று. அடிதடி வழக்கில் உள்ள ஒருவர், சம்பவ நேரத்தில் வேறு ஊர் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தார். டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருக்கிறது. மூன்று சாட்சிகள் அவர் அங்கே நின்று அடித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். சாதாரண மனிதருக்கு இது முதல் உதாரணத்தைவிட வலுவான வழக்காகத் தெரியும். ஆனால் விடுவிப்பு மனுவில் இது வெல்லாது. தேவேந்திர நாத் பாதி வழக்கில் (2005) மூன்று நீதிபதிகள் அமர்வு, இந்தக் கட்டத்தில் எதிரி தன் ஆவணங்களைக் காட்ட உரிமை இல்லை என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டது. முன்பு சதீஷ் மெஹ்ரா வழக்கு (1996) இதற்கு இடம் கொடுத்திருந்தது. அதுவும் தவறு என்று ஆனது. அந்த மருத்துவமனை ஆவணத்தைத் தூக்கிப் போடாதீர்கள். பிறகு உங்கள் தரப்புச் சாட்சியத்தின்போது அது உயிர்நாடி. விடுவிப்பு மனுவில் மட்டும் அதற்கு இடமில்லை.

இந்த விதி கடுமையானது என்று எனக்கும் தோன்றுகிறது. குற்றமற்ற ஒருவர், குற்றமற்றவர் என்று காட்டும் ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஆண்டுக்கணக்கில் அலைய நேர்கிறது. அதே நேரம், தொடக்கத்திலேயே இரு தரப்பு ஆவணங்களையும் வாங்கி எடைபோட்டால், பாதிக்கப்பட்டவர் கூண்டில் ஏறிப் பேசும் முன்பே, குறுக்கு விசாரணை என்ற ஒன்றே இல்லாமல் வழக்கு முடிந்துவிடும். பணமும் செல்வாக்கும் உள்ளவர்கள்தான் அந்த வாய்ப்பை அதிகம் பயன்படுத்துவார்கள். இந்தக் கடுமைக்குப் பின்னால் உள்ள காரணத்தை ஏற்கிறேன். தாமதத்தை ஏற்க முடியவில்லை.

ஒரு விலக்கு உண்டு. புலனாய்வு அதிகாரியே திரட்டிவிட்டு, எதிரிக்குச் சாதகமாக இருப்பதால் குற்றப்பத்திரிகையில் சேர்க்காமல் ஒதுக்கிய, ஐயத்துக்கு இடமில்லாத தரமுள்ள ஆவணம் ஏதாவது இருந்தால், நீதிமன்றம் அதை வரவழைத்துப் பார்க்கலாம் என்று நித்ய தர்மானந்தா வழக்கில் (2018) உச்ச நீதிமன்றம் கூறியது. சிசிடிவி பதிவைக் கைப்பற்றிவிட்டு அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாமல் விட்டிருந்தால், அது இந்த வகையில் வரக்கூடும். விலக்கு என்பதால் அரிதாகவே கிடைக்கும்.

நான்காம் படி: மனுவை எழுதும்போது

"நான் நிரபராதி, முன்விரோதத்தால் பொய்யாகச் சேர்த்துவிட்டார்கள்" என்று நான்கு பக்கம் எழுதுவதில் பயனில்லை. முன்விரோதம் என்பது சாட்சியை நம்பலாமா என்ற கேள்வி. அது விசாரணையில் வர வேண்டியது. மனு எழுதும் முன் ஒரு தாளை எடுத்து, உங்கள் பெயர் எந்தச் சாட்சி வாக்குமூலத்தில், எந்தப் பக்கத்தில், என்ன செய்ததாக வருகிறது என்று பட்டியல் போடுங்கள். பக்கத்தில் குற்றப் பிரிவின் கூறுகளை எழுதுங்கள். எந்தக் கூறுக்கு எதிரே ஒன்றும் இல்லையோ, அதுதான் உங்கள் மனு.

மோசடிக் குற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்ட வேண்டும். கடன் வாங்கினார், சொன்ன தேதியில் தரவில்லை என்பதற்கு மேல் ஆவணத்தில் எதுவும் இல்லாவிட்டால் அந்தக் கூறு காலி. அதைச் சொல்லுங்கள்; "அவர் எனக்கு ஏற்கெனவே பாக்கி வைத்திருந்தார்" என்று உங்கள் கணக்கைத் திறக்காதீர்கள்.

ஆவணங்களின் முகப்பிலேயே தெரியும் சட்டத் தடைகளும் இங்கே எடுபடும். அரசு ஊழியர் மீது முன் அனுமதி பெறாமல் வழக்குப் போட்டிருக்கிறார்களா (218, பழைய 197, ஊழல் வழக்கில் ஊழல் தடுப்புச் சட்டம் 19)? காலவரம்பு தாண்டிவிட்டதா? அபராதம் மட்டும் உள்ள குற்றத்துக்கு 6 மாதம், ஓராண்டு வரை தண்டனை உள்ளதற்கு 1 ஆண்டு, அதற்கு மேல் மூன்றாண்டு வரை தண்டனை உள்ளதற்கு 3 ஆண்டு என்பது 514-ஆவது பிரிவு (பழைய 468). இப்படிக் கிடைக்கும் விடுவிப்பு நிரந்தரம் என்று எண்ணிவிடாதீர்கள். அனுமதி செல்லாது என்ற காரணத்தால் விடுவிக்கப்பட்டால், முறையான அனுமதி பெற்று மறுபடியும் வழக்குத் தொடர வழி உண்டு. நஞ்சப்பா வழக்கில் (2015) உச்ச நீதிமன்றம் இதைத்தான் விளக்கியது.

முழு விடுவிப்பு கிடைக்காது என்று தெரிந்தால் பகுதி நிவாரணம் கேளுங்கள். கல்லால் அடித்துச் சிறு காயம் ஏற்பட்ட சம்பவத்துக்குக் கொலை முயற்சிப் பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆவணங்கள் காயம் விளைவித்த குற்றத்தை மட்டுமே காட்டுகின்றன என்று அமர்வு நீதிபதிக்குப் பட்டால், அந்தச் சிறிய பிரிவில் குற்றச்சாட்டு வனைந்து வழக்கை நடுவர் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம் (251, பழைய 228). எதிரியின் தலைக்கு மேல் இருந்த ஆயுள் தண்டனை அச்சம் அதோடு போய்விடும். பலர் இதைக் கேட்பதே இல்லை.

மனு தள்ளுபடியானால், குற்றச்சாட்டு வனையும் நாளில் நீதிபதி அதைப் படித்துக் காட்டி, "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா" என்று கேட்பார். பதற்றத்தில் தலையாட்டிவிடாதீர்கள். "இல்லை, வழக்கை நடத்துகிறேன்" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

சம்மன் வழக்கும் செக் வழக்கும்

நீண்ட காலமாக இங்கே எதிரிகளுக்கு வழியே இல்லாதிருந்தது. அதாலத் பிரசாத் வழக்கு (2004), ஒருமுறை அனுப்பிய சம்மனை நடுவர் திரும்பப் பெற முடியாது என்றது. வழக்கை இடையில் நிறுத்தும் 258-ஆவது பிரிவோ (இப்போது 281) புகாரின் பேரில் அல்லாமல் தொடரப்பட்ட வழக்குகளுக்கு மட்டும்தான். செக் திரும்பிய வழக்குகள் எல்லாம் தனிநபர் புகார்கள். அவற்றுக்கு 258 பொருந்தாது என்று 2021 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகள் அரசியல் சாசன அமர்வு உறுதிப்படுத்தியது.

புதிய சட்டம் இதில் ஒரு வாசலைத் திறந்திருக்கிறது. 274-ஆவது பிரிவில் சேர்க்கப்பட்ட வரம்புரையின்படி, குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்று நடுவர் கருதினால், காரணத்தை எழுத்தில் பதிவு செய்து எதிரியை விடுவிக்க வேண்டும். அது விடுவிப்பின் விளைவைப் பெறும். செக் வழக்கு அல்லாத தனிநபர் புகாரில், வழக்கைக் கோப்பில் எடுக்கும் முன்பே எதிர்தரப்பின் பேச்சைக் கேட்க வேண்டும் என்று 223-ஆவது பிரிவும் சொல்கிறது. அதற்கான நோட்டீஸ் வந்தால் அலட்சியப்படுத்தாதீர்கள். முன்பு கிடைக்காத ஒரு வாய்ப்பு அது.

ஐந்தாம் படி: நீதிபதியிடம் கேட்டுப் பயனில்லாதவை

"நாங்கள் சமாதானமாகிவிட்டோம், வழக்கை முடித்துவிடுங்கள்." சமரசம் செய்யத்தக்க குற்றங்களின் பட்டியல் 359-ஆவது பிரிவில் (பழைய 320) உள்ளது. சாதாரணக் காயம், அவதூறு போன்றவை பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாலே முடியும். சிலவற்றுக்கு நீதிமன்ற அனுமதியும் வேண்டும். பட்டியலில் இல்லாத குற்றம் என்றால், கணவனும் மனைவியும் கைகோத்து வந்து நின்றாலும் விசாரணை நீதிபதியால் முடித்துவைக்க இயலாது. மனைவியைக் கொடுமைப்படுத்திய குற்றம் (புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 85, பழைய 498-ஏ) அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கு உயர் நீதிமன்றத்தில் 528-ஆவது பிரிவின் கீழ் (பழைய 482) ரத்து மனுப் போட வேண்டும். குடும்பத் தகராறு, வணிகத் தகராறு சார்ந்த வழக்குகளை இப்படிச் சமாதானத்தின் பேரில் ரத்து செய்யலாம், கொலை, வல்லுறவு, கொள்ளை போன்றவற்றைச் செய்ய முடியாது என்று கியான் சிங் வழக்கு (2012) வரையறுத்தது.

"பத்து வருஷமாக இழுக்கிறது, தள்ளுபடி செய்யுங்கள்." விரைவான விசாரணை அடிப்படை உரிமை. ஆயினும் இத்தனை ஆண்டு ஆனால் வழக்கு தானாக முடியும் என்று காலக்கெடு வைக்க முடியாது என்று பி. ராமச்சந்திர ராவ் வழக்கில் (2002) ஏழு நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. தாமதத்தைக் காரணம் காட்டி ரத்து கேட்பதானால் அதையும் உயர் நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும்.

"போலீஸ் சரியாக விசாரிக்கவில்லை", "பையனின் படிப்பு கெடும்", "குடும்பத்தில் ஒரே சம்பாத்தியம் இவர்தான்." இவை எல்லாம் ஜாமீனிலோ தண்டனையின் அளவிலோ பேசப்பட வேண்டியவை. விடுவிப்புக்குக் காரணமாகாது.

"வழக்கு தொடுத்ததே உள்நோக்கத்தோடு." பஜன் லால் வழக்கில் (1992) உச்ச நீதிமன்றம் வகுத்த ஏழு வகைகளில் இதுவும் ஒன்று. ஆனால் அவை உயர் நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு வகுக்கப்பட்டவை. விசாரணை நீதிபதிக்கு அப்படிப்பட்ட உள்ளார்ந்த அதிகாரம் இல்லை. சென்னையிலோ மதுரைக் கிளையிலோ போட வேண்டிய மனுவைக் கீழ் நீதிமன்றத்தில் போட்டுக் காலம் கழிப்பது இந்தக் காரணத்தில்தான் அதிகம் நடக்கிறது.

அரசே வழக்கைத் திரும்பப் பெற விரும்பினாலும் அரசாணை மட்டும் போதாது. அரசு வழக்குரைஞர் தானே சிந்தித்து மனுச் செய்ய வேண்டும். நீதிமன்றம் சம்மதிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரின் கருத்தைக் கேட்காமல் அனுமதிக்கக் கூடாது என்பதையும் புதிய சட்டம் சேர்த்திருக்கிறது (360, பழைய 321). கேரளச் சட்டமன்றத்துக்குள் நடந்த ரகளை தொடர்பான வழக்கைக் கைவிட மாநில அரசு முயன்றபோது, உச்ச நீதிமன்றம் 2021-இல் அதை அனுமதிக்க மறுத்தது. அதே ஆண்டு, எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் மீதான வழக்குகளை உயர் நீதிமன்ற அனுமதியில்லாமல் திரும்பப் பெறக் கூடாது என்றும் உத்தரவிட்டது.

புகார் கொடுத்தவர் கவனிக்க வேண்டியவை

போலீசார் விசாரித்துவிட்டு "நடவடிக்கை கைவிடப்பட்டது" என்று அறிக்கை தாக்கல் செய்தால் அதைத் தெரிவிக்கும் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் உங்களுக்கு வரும். அந்த அறிக்கையை ஏற்று வழக்கை முடிக்கும் முன் புகார்தாரரைக் கேட்க வேண்டும் என்பது பகவந்த் சிங் வழக்கு (1985) முதல் இருந்துவரும் சட்டம். நோட்டீஸில் வெறுமனே கையெழுத்துப் போட்டு அனுப்பாமல், குறித்த நாளில் நேரில் போய் எதிர்ப்பு மனுக் கொடுங்கள். நோட்டீஸ் வராமலே இருந்தால் காவல் நிலையத்திலும் நடுவர் நீதிமன்றத்திலும் விசாரியுங்கள்.

எதிரி விடுவிப்பு மனுப் போட்டிருக்கிறார் என்று தெரிந்தால், அரசு வழக்குரைஞரைப் பார்த்து, உங்கள் வாக்குமூலத்தில் அந்த எதிரியின் செயல் எங்கே சொல்லப்பட்டிருக்கிறது என்று சுட்டிக்காட்டுங்கள். கோப்புக் குவியலுக்கு நடுவே அவருக்கு அது பெரிய உதவி. தனிநபர் புகார் என்றால் வாய்தா தவறாதீர்கள். சம்மன் வழக்கில் புகார்தாரர் வராவிட்டால், 30 நாள் அவகாசம் கொடுத்த பிறகு நடுவர் எதிரியை விடுதலையே செய்யலாம் (279, பழைய 256). அது விடுவிப்பு அல்ல, விடுதலை. மறுபடியும் அதே குற்றத்துக்கு வழக்குப் போட முடியாது.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். உதவி எண் 15100.

ஆறாம் படி: உத்தரவு வந்த பிறகு

விடுவித்தால் நீதிபதி காரணங்களை எழுதியாக வேண்டும். சட்டமே அப்படிச் சொல்கிறது. குற்றச்சாட்டு வனைவதற்கு அப்படி விரிவான காரணம் எழுத வேண்டியதில்லை என்பது காந்தி பத்ர ஷா வழக்கு (2000). ஆனால் நீங்கள் போட்ட விடுவிப்பு மனுவைத் தள்ளுபடி செய்யும்போது, நீங்கள் எழுப்பிய சட்டப் பிரச்சினைக்குப் பதிலே இல்லாமல் இரண்டு வரியில் முடித்திருந்தால், சீராய்வில், அதாவது அந்த உத்தரவு சரியா என்று மேல் நீதிமன்றம் பார்க்கும்போது, அதையே முதல் காரணமாக வைக்கலாம்.

தோற்ற தரப்பு அமர்வு நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ சீராய்வு மனுப் போடலாம் (438, பழைய 397). ஏதாவது ஓர் இடத்தில்தான். காலவரம்பு 90 நாள். விடுவிக்க மறுத்த உத்தரவு இடைக்கால உத்தரவு, அதன் மேல் சீராய்வு கிடையாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினால், சஞ்சய் குமார் ராய் வழக்கை (2021) எடுத்துக் காட்டுங்கள். அங்கே உச்ச நீதிமன்றம் சீராய்வு உண்டு என்று கூறியிருக்கிறது. உத்தரவின் நகல் கேட்கும் மனுவை அது வந்த அன்றே போடுங்கள்.

விடுவிக்கப்பட்டவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். விடுவிப்பு என்பது குற்றமற்றவர் என்ற தீர்ப்பு அல்ல. விடுதலை பெற்றவரை அதே குற்றத்துக்கு மீண்டும் விசாரிக்க முடியாது. விடுவிக்கப்பட்டவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று 337-ஆவது பிரிவின் (பழைய 300) விளக்கமே சொல்கிறது. மற்ற எதிரிகள் மீதான விசாரணையில் உங்களுக்கு எதிராகச் சாட்சியம் வந்தால், உரிய விசாரணைக்குப் பிறகு உங்களை மறுபடி எதிரியாகச் சேர்க்கவும் முடியும் (358, பழைய 319). ஹர்தீப் சிங் வழக்கில் (2014) ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைச் சொன்னது. யாரும் மனுப் போடாவிட்டாலும் உயர் நீதிமன்றம் தானாகவே கோப்பை வரவழைக்கலாம். 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம், அமைச்சர்கள் மீதான ஊழல் வழக்குகளில் கீழ் நீதிமன்றங்கள் பிறப்பித்த விடுவிப்பு உத்தரவுகளை அப்படி எடுத்துக்கொண்டு, 2024-இல் சிலவற்றை ரத்து செய்தது. அவை பிறகு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றன.

ஆகவே விடுவிப்பு உத்தரவின் சான்றிட்ட நகல் இரண்டு வாங்கி வையுங்கள். ஒன்று பாஸ்போர்ட், வேலைக்கான காவல் சரிபார்ப்பு ஆகியவற்றுக்கு உதவும். ஜாமீன்தாரர்கள் கொடுத்த அசல் ஆவணங்களைத் திரும்பக் கேட்டு மனுக் கொடுங்கள். குற்றப்பத்திரிகை நகலையும், பயன்படுத்தாமல் விட்ட உங்கள் சொந்த ஆவணங்களையும், மற்ற எதிரிகள் மீதான விசாரணை முடியும் வரை பத்திரமாக வைத்திருங்கள்.